மடிமாங்காய் இடும் பெருமான்
(திருவாய்மொழி ஏழாம் பத்து, ஒன்பதாம் திருவாய்மொழியை முன்னிட்டு)

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஏழாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் ஆழ்வார், ஒன்றோடொன்று சேராத பொருள்கள் எல்லாமாகவும் எம்பெருமானே நிற்கும் விந்தையைக் கண்டு, இது என்ன படி என்று அவனையே கேட்டு நின்றார். அதை அடுத்து வருவது இப்போது நாம் அநுஸந்திக்கப் புகும் ஒன்பதாம் திருவாய்மொழி. இதில் ஆழ்வாருடைய வியப்பு வெளியுலகை விட்டுத் தம்மீதே திரும்புகிறது. இனிமையாகப் பாட வல்ல மஹாகவிகள் பலர் இருக்க, அவர்களைக் கொண்டு தன்னைப் பாடுவித்துக் கொள்ளாமல், ஒரு தகுதியும் இல்லாத நம்மிடம் வந்து புகுந்து, நம் நாவைத் தன் நாவாக்கிக் கொண்டு, தானே தன்னைப் பாடிக்கொண்டானே என்பது ஆழ்வாருடைய உருக்கம்.

இவ்வளவு துடிக்கும் ஆழ்வாரை இந்த ஸம்ஸாரத்திலே இன்னும் ஏன் வைத்திருக்கிறான் என்னும் கேள்விக்கு விடையாகவே இத்திருவாய்மொழிக்கு அவதாரிகை அமைந்துள்ளது. சரதல்பத்தில் கிடந்த பீஷ்மரை அங்கே எடுத்துக்காட்டுவர் நம் பூர்வர்கள். அம்புப் படுக்கையில் கிடந்தவரைக் கொண்டு உலகுக்கு தர்மத்தைச் சொல்லுவித்தவன், அப்படியே இவரைக் கொண்டு திருவாய்மொழியைப் பாடுவிக்க வைத்தான் என்பது கருத்து. இந்த உதாரணத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். பீஷ்மர் ஞானி, பக்தர், ஐயமில்லை. ஆயினும் அவர் நின்று போர் செய்த பக்கம் எது? கண்ணன் தேரோட்டிய பக்கம் அன்று. எதிர்ப்பக்கத்துச் சேனாபதியின் வாயாலே தன் ஆயிரம் நாமங்களையும் சொல்லுவித்துக் கொண்டான் எம்பெருமான்.

திருத்தணியில் நாங்கள் சிலர் வாரம் ஒருமுறை கூடி வாசிக்கும் சிறு கோஷ்டியில் இந்த இடம் வந்தபோது, கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் கேட்டார்: “பீஷ்மராவது பக்தர். பெருமாள் உண்டு என்றே நினையாதவர்களைக் கொண்டும், கோயிலே தவறு என்று நினைக்கும் அதிகாரிகளைக் கொண்டும் அவன் காரியம் செய்வானோ? செய்வான் என்றால், நாம் நம்பித்தான் ஆவதென்ன?” முதற்கேள்விக்குப் பலர் விடை சொல்ல முன்வந்தனர். இரண்டாவதைக் கேட்டதும் கோஷ்டி மௌனமாயிற்று. அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம்பாதவர்களில் முதலிடம் ஹிரண்யனுக்கு. நம் ஊருக்கு அருகே சோளிங்கரில், திருக்கடிகையில், யோக நரசிங்கனாய் எழுந்தருளியிருப்பவன் எங்கே தோன்றினான்? பிரஹ்லாதன் ஒரு தூணையும் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கும் உளன் என்று மட்டும் சொன்னான். ‘இங்கே உண்டா’ என்று இடத்தைக் குறித்தவன், கையால் அறைந்தவன், இல்லை என்று சாதித்த தகப்பனே. அவதாரத்துக்கு ஸ்தலம் நிர்ணயித்தவன் நாஸ்திகன். அந்த அஸுரன் வீட்டுத் தூண், பிரமனுக்கும் தந்தையானவனைப் பெற்றபடியால் பிரமனுக்குப் பாட்டியாயிற்று என்று ஸ்வாமி தேசிகன் ரஸமாக அருளிச் செய்தார்.

இது புராணம், கலியுகத்தில் காட்டுங்கள் என்பார்க்கு நம் தொண்டை நாட்டிலேயே சான்றுகள் உள. முதலில் மதுராந்தகம். திவ்யதேசக் கணக்கில் சேராவிடினும், எம்பெருமானார் பெரிய நம்பியின் திருவடிகளில், மகிழ மரத்தடியில், பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்ற இடமாதலால் நமக்கு மிகவும் அபிமானமான ஸ்தலம். அங்கே எழுந்தருளியிருக்கும் சக்கரவர்த்தித் திருமகனுக்கு ஏரி காத்த ராமர் என்று திருநாமம்.

இத்திருநாமம் வந்த காலத்தின் நிலையைச் சொன்னால்தான் கதையின் கனம் விளங்கும். செங்கற்பட்டுச் சீமை அப்போது கும்பினியாரின் ஜாகீர். ஆற்காட்டு நவாப் முஹம்மதலி 1763ல் அதனை அவர்களுக்குக் கொடுத்தார். 1780ல் ஹைதர் அலியின் படை இந்நாட்டில் புகுந்தது. காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் அவ்வாண்டு செப்டம்பர் 10ல் கும்பினிப் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, குடிகள் ஓடினர், ஏரிகளுக்குக் கரை கட்டுவார் இல்லை, கோயில்களுக்குப் படியளப்பார் இல்லை. அத்தகைய சீமைக்கு 1794ல் கலெக்டராக வந்து 1798 வரை இருந்தவர் லியோனல் பிளேஸ் துரை. இவர் வந்தது கும்பினிக்கு வரி தண்டுவதற்கு. மிராசுதாரர்களோடு கடுமையாக மோதியவர். நம் வீட்டுப் பெரியவர்கள் அந்நாளில் இருந்திருந்தால் அவரைப் புகழ்ந்திருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை அவர் கண்டுகொண்டார். ஏரி நிறையாமல் நெல் இல்லை, நெல் இல்லாமல் வரி இல்லை. அதுபோலவே கோயிலில் உத்ஸவம் நடவாத ஊரில் குடிகள் தங்குவதில்லை. ஆகவே ஏரிகளைச் செப்பனிடுவதிலும், காஞ்சிக் கோயில்களின் நிர்வாகத்தை ஒழுங்கு செய்வதிலும் அவர் நேரே இறங்கினார். பக்தியினால் அன்று, வருவாய் நோக்கினால். இதை மறைத்து அவரைப் பரம பாகவதராக்கிக் காட்டும் எழுத்துக்கள் சில உண்டு. அவற்றில் நமக்கு உடன்பாடு இல்லை. அவர் உள்ளபடியே இருக்கும்போதுதான் எம்பெருமானுடைய சாமர்த்தியம் தெரிகிறது.

மதுராந்தகத்து ஏரி மிகப் பெரியது. பெருமழையில் உடைந்து உடைந்து ஊரை அழித்து வந்தது. ஸ்தல ஐதிஹ்யம் கூறுவது இது. ஏரியைப் பார்வையிட வந்த துரை, கோயிலில் கருங்கற்கள் குவிந்து கிடப்பதைக் கண்டு அவை எதற்கு என்று வினவினார். ஜனகவல்லித் தாயாருக்கு ஸந்நிதி கட்டச் சேர்த்தவை, பொருள் போதாமையால் கிடக்கின்றன என்றனர். ‘ஆண்டுதோறும் கரை உடைகிறது; கல்லைக் கரைக்குப் போடாமல் இங்கே வைத்திருக்கிறீர்களே. உங்கள் பெருமாள் ஏரியைக் காக்கலாகாதோ?’ என்றார். அர்ச்சகர்கள், சரணம் என்றாரை அவன் காப்பான் என்றனர். ‘இவ்வாண்டு கரை நின்றால் ஸந்நிதியை நானே கட்டித் தருகிறேன்’ என்றார் துரை. சபதம் போலவும் பரிஹாசம் போலவும் சொன்ன சொல்.

மழை வந்தது. இரவும் பகலும் கொட்டிற்று. கரை என்னாயிற்றோ என்று அந்த நடுநிசியில் துரை ஏரிக்கரைக்குப் போனார். அங்கே வில்லும் அம்பும் ஏந்திய இருவர் ஒளி வீச இங்குமங்கும் உலாவிக் காவல் செய்வதைக் கண்டு மண்டியிட்டார். விடிந்தபோது கரை நின்றது. சொன்ன சொல்லின்படி தாயார் ஸந்நிதியைக் கட்டுவித்தார். அது கும்பினி ஜாகீர்க் கலெக்டர் பிளேஸ் துரையின் தர்மம் என்று அங்கே தமிழில் கல்வெட்டும் உள்ளது.

இக்கதையில் நமக்கு மிகவும் ரஸமாய்ப் படுவது தரிசனம் அன்று. துரை அந்த மழையில் எழுந்து போனார் என்பதே. ‘பெருமாள் காப்பான்’ என்று சொன்னவர்கள் அன்றிரவு எங்கிருந்தனர் என்று ஐதிஹ்யம் சொல்லவில்லை. தரிசனம் வாய்த்தது, நம்பாதவரே ஆயினும், குடிகளின் ஏரியை எண்ணி உறங்க முடியாமல் குடை பிடித்துப் போனவருக்கு.

இனி காஞ்சி. 1688ல் மொகலாயப் படைகளுக்கு அஞ்சி, தேவப்பெருமாள் திருமேனியை, பிணத்தை எடுத்துப் போவது போல் மறைத்துக் கொண்டுபோய், உடையார்பாளையத்துக் காட்டில் எழுந்தருளப் பண்ணினார்கள். ஆபத்து நீங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெருமாளை மீண்டும் எழுந்தருளப் பண்ண வேண்டினால், உடையார்பாளையத்து ஜமீன்தார் கொடுக்க மறுத்தார். ஏன்? பெருமாளிடம் கொண்ட ஆசையினால்! பக்தரே தடையானார். ஆத்தான் ஜீயர் ஸ்வாமி யாரிடம் சென்று முறையிட்டார்? கர்நாடக நவாபாகிய ஸாதத்துல்லா கானின் சேனைத் தலைவராக இருந்த லாலா தோடர்மல்லரிடம். தோடர்மல்லர் ஹிந்துவே, பக்தருங்கூட. ஆயினும் அவர் நடத்திச் சென்ற படை நவாபின் படை. எந்தக் கொடிக்கு அஞ்சிப் பெருமாள் காட்டுக்கு எழுந்தருளினாரோ, ஏறக்குறைய அந்தக் கொடியின் கீழ் நின்ற படையே 1710ல் அவரை ஊருக்கு அழைத்து வந்தது. காஞ்சியில் தாயார் ஸந்நிதிக்கு அருகே இதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. உடையார்பாளையம் உத்ஸவம் இன்றும் நடக்கிறது. திருமலைக்குச் செல்பவர்கள் தோடர்மல்லர், அவர் தாயார், மனைவி மூவருடைய செப்புத் திருவுருவங்களையும் கைகூப்பிய கோலத்தில் காணலாம். வரிசையில் நெருக்குண்டு போகும்போது அவர்களை யார் பார்க்கிறார்கள்!

திருமலை என்றதும் எங்களுக்கு ஓர் உரிமை உணர்ச்சி எழும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தைச் சேர்ந்த சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். அதற்கு முன்னரும் வட ஆற்காட்டு ஜில்லாவில் திருப்பதியோடு ஒரே கலெக்டரின் கீழ் இருந்த ஊர். 1801ல் நவாபிடமிருந்து நாடு கும்பினியார் வசமாயிற்று. திருவேங்கடமுடையானின் கோயில் நிர்வாகமும் அவர்களிடம் போயிற்று. 1801 முதல் 1843 வரை, அவன் உண்டியலுக்கும் மடைப்பள்ளிக்கும் கணக்குப் பார்த்தவர்கள் வேற்று மதத்து உத்தியோகஸ்தர்கள்.

வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் பேரேடுகளோடு வாழ்ந்த நமக்கு இப்பகுதியில் ஒரு தனி ருசி. கலெக்டர் ஸ்ட்ராட்டன் 1803ல் கோயிலின் ஆராதனங்கள், கைங்கர்யபரர்கள், அவர்களுக்குரிய ஸ்வதந்திரங்கள் ஆகியவற்றை விரிவாக எழுதி அறிக்கை அனுப்பினார். 1819ல் கேள்வி பதிலாகவே ஒரு பதிவேடு எழுந்தது. ஸவால் ஜவாப் பட்டி என்று அதற்குப் பெயர். 1821ல் புரூஸ் என்பவர் 42 விதிகள் கொண்ட ஒரு நிர்வாகச் சட்டத்தை வகுத்தார். வழக்கத்தை மாற்றாதே, பழைய மாமூலை எழுதி வைத்து அதன்படி நடத்து என்பதே அவற்றின் போக்கு. அவர்கள் நோக்கம் பெருமாள் அன்று. மிச்சமாகும் பணம் கும்பினிக் கஜானாவுக்குப் போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் எந்த வேளைக்கு என்ன தளிகை, யாருக்கு எத்தனை பிரஸாதம் என்பதெல்லாம் தணிக்கைக்காகவே எழுதப்பட்டன. நம்மவர் வாய்மொழியாக விட்டிருந்தவற்றை, நம்பாத கணக்கர் மசியில் எழுதி வைத்தனர்.

சென்னை மாகாண கவர்னராக 1820 முதல் 1827ல் இறக்கும்வரை இருந்த சர் தாமஸ் மன்றோ, ஒரு கிராமத்தின் வருவாயைத் திருமலையில் நித்தியத் தளிகைக்கு விட்டார். மன்றோ கங்காளம் என்னும் பாத்திரத்தின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. திருமலைப் பொங்கலால் அவருடைய வயிற்று வலி தீர்ந்தது என்பர்.

இந்த ஏற்பாடு எப்படி முடிந்தது என்பதும் சுவையானது. கிறிஸ்தவ அரசு விக்ரஹாராதனத்துக்குத் துணை போகலாகாது என்று இங்கிலாந்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. சென்னைப் படைத் தலைவராக இருந்த சர் பெரிக்ரின் மேட்லண்ட், கோயில் திருவிழாக்களில் படைவீரர் மரியாதை செய்ய வேண்டியிருப்பதை மனச்சாட்சி ஒப்பாமல் 1838ல் பதவியைத் துறந்தார். அவர் நிலையை நாம் இகழ்வதற்கில்லை. தம் நெறிக்கு உண்மையாக நடந்தார். முடிவில் 1843ல் கும்பினியார் கோயிலை ஹாதீராம்ஜி மடத்து மஹந்துவிடம் ஒப்புவித்து விலகினர்.

எங்கள் குன்றிலேயே ஒரு சிறு சான்று உண்டு. ஸ்ரீவைஷ்ணவ ஏட்டில் இதை எழுதலாமோ என்பார் சிலர். தணிகைமலையான் நமக்குப் பெருமாளின் மருமகன், எழுதலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஜனவரி முதல் நாள் துரைமார்களைக் கண்டு எலுமிச்சம்பழம் கொடுத்து வாழ்த்துவது வழக்கமாயிருந்தது. வள்ளிமலை ஸச்சிதானந்த ஸ்வாமிகள், துரைகளுக்கெல்லாம் துரையாகத் தணிகையில் இருப்பவனை முதலில் காணலாமே என்று, டிசம்பர் 31 இரவு 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறும் விழாவைத் தொடங்கி வைத்தார். அந்நியர் கொண்டுவந்த நாட்காட்டி எங்கள் ஊருக்கு ஒரு திருவிழாவைக் கொடுத்தது.

அந்த டிசம்பர் 31 இரவைப் பற்றியே நம்முடைய ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நாளில் வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பது மார்ச் மாதத்தில் அன்று, டிசம்பர் 31ல். 1983ஆம் ஆண்டு அவ்விரவு, இப்பகுதியின் ஒரு கிளையில், நாம் பேரேடுகளின் இருப்பைக் கூட்டிக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து பாட்டொலி கேட்டுக்கொண்டிருந்தது. மேலாளர் நாஸ்திகர். ஒளிவு மறைவில்லாத நாஸ்திகர். ஆயுத பூஜையன்று பொரியைத் தின்பார், குங்குமத்தைத் தொடமாட்டார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் துலங்க உட்கார்ந்திருந்த நாம் அவரைப் பற்றி மற்றவர்களோடு சேர்ந்து பரிஹாசம் செய்ததுண்டு.

பதினோரு மணியளவில் நிரந்தர வைப்புப் பேரேட்டின் ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஒரு கிராமத்துப் பெருமாள் கோயிலின் பெயரில் ஐயாயிரம் ரூபாய்; திருவிளக்குக் கட்டளைக்காக யாரோ ஒரு புண்ணியவான் போட்டு வைத்தது. 1976லேயே முதிர்ந்துவிட்டது. புதுப்பிக்கப்படவில்லை; ஆகவே வட்டியும் இல்லை. ‘இந்தப் பெருமாள் யார் சார்? ஏழு வருஷமாக வட்டி வாங்க வரவே இல்லையே?’ என்றார். எல்லோரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருப்பைச் சரிபார்த்துப் போட்ட சுருக்கொப்பங்கள் வரிசையாக இருந்தன. கடைசி ஆறும் நம்முடையவை. கோயில் பெயரைக் கண்டு ஒரு கணம் மனத்துக்குள் சேவித்துவிட்டு, கூட்டுத்தொகை சரி என்று ஒப்பமிட்டு நகர்ந்திருக்கிறோம்.

பொங்கல் கழிந்ததும் அவர் தாமே அந்தக் கிராமத்துக்குப் போனார். கட்டளை வைத்தவர் காலமாகிவிட்டார், ரசீது பழைய அர்ச்சகர் வீட்டுப் பெட்டியில் இருந்தது, அவரும் இல்லை. மகன் அர்ச்சகராக இருந்தார். எண்ணெய்க்கு வழியின்றிச் சனிக்கிழமை மட்டும் விளக்கு எரிந்தது. முதிர்ந்த தேதியிலிருந்தே புதுப்பித்து வட்டி கொடுக்க மேலிடத்து அநுமதி வேண்டும். இருமுறை மறுத்து எழுதினார்கள். மூன்றாம் முறை அவர் எழுதிய கடிதத்தைத் தட்டெழுத்தில் அடித்தவர்கள் நாம்தாம். அதில் பெருமாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாடிக்கையாளர் எழுதப் படிக்கத் தெரியாத ஏழையாயினும், வாய் பேசாதவராயினும், வங்கி அவருக்குப் பட்ட கடன் கடனே என்று இருந்தது. அநுமதி வந்தது. ஏழாண்டு வட்டியையும் சேர்த்துப் புதிய ரசீதைக் கோயிலில் கொண்டு கொடுத்தபோது அர்ச்சகர் மாலை சாத்த வந்தார். மேலாளர் கையமர்த்தி, ‘கடனைத் திருப்பிக் கொடுத்ததற்கு மாலை எதற்கு? குடிக்க மோர் இருந்தால் கொடுங்கள்’ என்றார்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் மடிமாங்காய் என்றொரு பொருளைக் காட்டுகிறார். தோப்புக்காரன், வழியே போகிறவனைத் தன்னிடம் பிடித்து வைக்க வேண்டி, தானே அவன் மடியில் ஒரு மாங்காயைச் செருகிவிட்டு, ‘என் மாங்காயைத் திருடினாய்’ என்று பற்றுவதுபோல, எம்பெருமானும் சேதநன் மடியில் தானே ஸுக்ருதத்தை இட்டுப் பற்றுகிறான். தற்செயலாகத் தன் ஊரின் பெயரைச் சொன்னதையும், வேறெதற்கோ செய்த செயலால் தன் அடியார் இளைப்பாறியதையும், செய்தவன் அறியாமலே தேடித்தேடி அவன் கணக்கில் எழுதுகிறான். யாத்ருச்சிகம், ப்ராஸங்கிகம், ஆநுஷங்கிகம் என்று அவற்றுக்குத் தலைப்புக்களும் உண்டு. வங்கியில் ஒருவர் கணக்கில் அவர் அறியாமல் பணத்தைச் சேர்த்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும். இவனைக் கேட்பார் யார்? ஏரியைக் காக்க எழுந்து போன துரைக்கும், தணிக்கைக்காகத் தளிகையை எழுதி வைத்த கணக்கருக்கும், கடன் என்று மட்டுமே எண்ணி விளக்கை ஏற்றுவித்த நம் மேலாளருக்கும் அந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டுவதில்லை.

ஆனால் இவ்விடத்தில் ஒரு வழுக்கல் உண்டு. எல்லாரையும் கொண்டு அவன் காரியம் செய்கிறான் என்றால், எல்லாம் நன்மையே, கொடுமை என்பதே இல்லை என்று சொல்லிவிடலாகாது. 1323ல் டில்லிப் படை திருவரங்கத்தில் புகுந்தபோது, நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே ஓடியவர் இதே பிள்ளை லோகாசார்யர். முதிர்ந்த வயதில், காட்டு வழியில் நடந்து, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாள் அரங்கம் திரும்பியது 1371ல். அந்தச் சேர்த்தியை ஆசார்யர் கண்ணால் காணவில்லை. அப்படையை எம்பெருமானின் கருவி என்று நாம் எழுதத் துணியோம். அங்கே மாண்டவர்களின் குருதிக்கு அது அபசாரம். கைகேயி கேட்ட வரத்தால் தண்டகாரண்யத்து முனிவர்கள் பிழைத்தார்கள் என்பது மெய். தசரதன் இறந்தான் என்பதும் மெய். பரதன் தாயை மன்னிக்கவே பாடுபட்டான். தீமையிலிருந்தும் அவன் நன்மையைக் கடைந்தெடுப்பான்; அதனால் தீமை செய்தவன் பொறுப்புத் தீர்ந்துவிடாது. மடியில் மாங்காயை இடுகிறவன், கத்தியை இடுகிறான் என்று சொல்ல நமக்குப் பிரமாணம் இல்லை.

இனி, அந்த இளைஞரின் இரண்டாம் கேள்வி. நம்பாதவரைக் கொண்டும் நடக்குமாயின் நம்பிக்கையால் ஆவதென்ன?

கோஷ்டியில் ஒரு பெரியவர், நம்பினவர்க்கு மோக்ஷம் உண்டு, மற்றவர்க்கு இல்லை என்று முடிக்கப் பார்த்தார். அவ்விடை நமக்குப் பொருந்தவில்லை. யாருக்கு என்ன கொடுப்பான் என்பது நம் அதிகாரத்தில் அடங்காது. ஆழ்வாரின் பாசுரத்துக்கே திரும்புவோம். கருவியாயிருத்தல் என்பதில் ஆழ்வாரும் பிளேஸ் துரையும் ஒன்றே. நாவைக் கொண்டு பாடினான். கையைக் கொண்டு கட்டினான். வேற்றுமை எங்கே? தம் நாவில் இருப்பவன் யார் என்று ஆழ்வார் அறிந்தார். அறிந்ததனால் பதினொரு பாசுரங்களும் தித்திக்கின்றன. வங்கியின் ஏவலாள் ஒரு வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அதே கடிதத்தைத் தந்தை எழுதியது என்று அறிந்து தம்பிக்குக் கொண்டுபோகும் தமையன் வழியெல்லாம் மகிழ்ந்துகொண்டே போகிறான். கடிதம் சேர்வதில் குறைவில்லை, நடையில்தான் வேற்றுமை. காரியம் நடப்பதற்கு நம் நம்பிக்கை அவனுக்குத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கைங்கர்யத்தின் ருசி நமக்குத் தேவையாயிருக்கிறது.

இப்படி அந்த இளைஞருக்குச் சொன்னோம். அவர் தலையசைத்தார், பிறகு, ‘அப்படியானால் அந்த ஆறு கையெழுத்துக்களை என்ன செய்வது ஸ்வாமி?’ என்றார். மேலாளர் கதையை அன்றைக்குத்தான் கோஷ்டியில் முதன்முதலாகச் சொல்லியிருந்தோம். அறிந்தும் நடக்காமல் உட்கார்ந்திருந்த தமையன் என்ன ருசியைக் கண்டான் என்பது அவர் கேள்வியின் பொருள். நமக்கு விடை வரவில்லை.

மேலாளர் பரமபதித்துப் பல ஆண்டுகள் ஆயின. இச்சொல்லை அவர் ஒப்பமாட்டார், நாம் எழுதுகிறோம். அவர் இருந்தவரை அந்தப் பேரேட்டுப் பக்கத்தைப் பற்றி நாம் அவரிடம் பேசியதில்லை. அந்தக் கிராமத்துக்கு ஒருமுறை போனோம். மாலை வேளை, சனிக்கிழமை அன்று, செவ்வாய்க்கிழமை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இத்திருவாய்மொழியின் பத்தாம் பாசுரத்தில் ஆழ்வார் கைம்மாறு தேடுகிறார். தம்மைக் கொண்டு பாடுவித்த உபகாரத்துக்கு ஆத்மாவையே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். நினைத்த அளவில், அதுவும் அவனுடையதே அன்றோ என்று திகைக்கிறார். கடன் கொடுத்தவனுடைய பணத்தையே எடுத்து அவன் கடனைத் தீர்ப்பது போலாகும் அது. இம்மையிலும் மறுமையிலும் கொடுக்க ஒன்றுமில்லை என்று கைவிரித்து நிற்கும் அந்த நிலையோடு பாட்டு நிற்கிறது. கைம்மாறு இல்லையென்றால் அவன் திருமுன்பே சென்று இத்திருவாய்மொழியைப் பாடியாவது காட்டுவோம் என்று ஆழ்வார் திருவாறன்விளைக்குப் புறப்படும் பத்தாம் திருவாய்மொழியை அடுத்த இதழில் அநுஸந்திப்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்